அடுப்பு எரியாத நாட்களுக்கான புரதம்

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, தென்சென்னைப் புறநகரில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தபோது, சமையல் மேடைக்குக் கீழே ஒரு சாக்கில் ஐந்து கிலோ துவரம்பருப்பும் அதன் பக்கத்தில் ஒரு பையில் இரண்டு கிலோ கொண்டைக்கடலையும் இருந்தன. மழைக்காலத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே வாங்கிவிட்டோம் என்ற நிம்மதி எனக்கு இருந்தது. விடிந்து பார்த்தபோது அந்தச் சாக்கு, சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறி உப்பிக் கிடந்தது. எரிவாயு சிலிண்டர் ஒரு மூலையில் மிதந்துகொண்டிருந்தது. மாடி வீட்டில் தஞ்சம் புகுந்த எங்களுக்கு அந்த வீட்டு அக்கா மூன்று நாட்களும் கொடுத்தது, குடத்தில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் நனைத்த அவல், ஒரு பிடி பொட்டுக்கடலை, கொஞ்சம் வெல்லம், அவ்வளவுதான். எங்களுடைய ஏழு கிலோவும் நனையாமல் தப்பியிருந்தாலும் அந்த மூன்று நாட்களில் எங்கள் பசிக்கு உதவியிருக்காது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அவற்றை வேகவைக்க அடுப்பும் இல்லை, ஊறவைக்கத் தண்ணீரும் இல்லை.

நெருக்கடிக் காலத்துக்கு உணவு சேமிப்பது பற்றிப் பேசும்போது நாம் முதலில் கேட்கும் கேள்வி, "எது ரொம்ப நாள் கெடாமல் இருக்கும்?" என்பதுதான். அரிசி, சர்க்கரை, உப்பு போன்றவற்றுக்கு அந்தக் கேள்வியே போதும். புரதத்துக்குப் போதாது. புரதம் மிகுந்த பொருட்களில் பெரும்பாலானவை நிறைய நீரையும் நெருப்பையும் கேட்பவை, அல்லது எண்ணெய்ச் சத்தால் சிக்கு வாடை பிடிப்பவை, அல்லது வண்டுக்கு விருப்பமானவை. ஆகவே தமிழகக் கடலோரத்தில் வாழும் ஒரு குடும்பம், தன் ஊருக்கு வரக்கூடிய நெருக்கடி எத்தகையது, அப்போது வீட்டில் எது இருக்கும், எது இருக்காது என்பதிலிருந்துதான் இந்தத் தேர்வைத் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நமக்குப் பழக்கமான நெருக்கடிகள் மூன்று வகையானவை. முதல் வகை வெள்ளம். 2015இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. இத்தகைய நாட்களில் மூன்று முதல் ஏழு நாட்கள் வரை மின்சாரமும் குடிநீரும் கடையும் ஒன்றாக இல்லாமற்போகும். இரண்டாவது வகை புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு டெல்டா மாவட்டங்களின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தண்ணீர் வடிந்து, விறகோ எரிவாயுவோ கிடைத்துவிடும்; ஆனால் குளிர்சாதனப்பெட்டி வேலை செய்யாது, மின்மோட்டார் ஓடாததால் தண்ணீருக்கு அலைய வேண்டும். மூன்றாவது வகை, 2020 மார்ச் இறுதியில் தொடங்கிய ஊரடங்கைப் போன்றது, அல்லது துவரம்பருப்பின் சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தொட்ட 2015ஆம் ஆண்டைப் போன்றது. அடுப்பும் தண்ணீரும் வீட்டில் இருக்கும். பொருள்தான் கிடைக்காது, அல்லது வாங்க முடியாத விலையில் இருக்கும். ஒரே பருப்பு மூன்றாவது வகைக்கு மிகச் சிறந்ததாகவும் முதல் வகைக்குப் பயனற்றதாகவும் இருப்பது இதனால்தான்.

புரதத்தின் தேவையை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு மூன்று நாட்கள் புரதம் குறைந்தால் பெரிய தீங்கு நேர்ந்துவிடாது. அப்போது சுத்தமான தண்ணீரும் போதுமான கலோரியும்தான் முதல் தேவை. கலோரி போதாதபோது உடல், உண்ட புரதத்தையும் எரிபொருளாக்கிச் செலவழித்துவிடும் என்பதால், அரிசியும் எண்ணெயும் வெல்லமும் போதிய அளவில் இல்லாத வீட்டில் பருப்பை மட்டும் குவிப்பதில் பொருளில்லை. ஆனால் நாட்கள் வாரங்களாக நீளும்போது கணக்கு மாறுகிறது. வளரும் குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஏற்கெனவே தசை குறைந்துவரும் முதியவர்கள், காய்ச்சலிலோ காயத்திலோ இருப்பவர்கள் ஆகியோரைத்தான் புரதக் குறைவு முதலில் தாக்கும். கொழுப்பைச் சேமிப்பதைப் போல உடல் புரதத்தைத் தனியாகச் சேமித்து வைப்பதில்லை. குறையும்போது தசையிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவு நமக்கு உதவும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது அந்த அளவு; அதாவது 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஏறத்தாழ 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம். இதில் கணிசமான பகுதியை நாம் புரதம் என்று நினைக்காத அரிசியே தந்துவிடுகிறது. நாளுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு அதிலிருந்தே 22 கிராம் அளவுக்குக் கிடைக்கும். 75 கிராம் பருப்பு இன்னும் 16 அல்லது 17 கிராம் தரும். 30 கிராம் வேர்க்கடலை 7 கிராம் தரும். 25 கிராம் முழுக் கொழுப்புப் பால்பவுடர் 6 கிராமுக்குச் சற்று மேல் தரும். இந்த நான்கும் சேர்ந்தாலே ஒரு பெரியவரின் தேவை ஏறத்தாழ நிறைவடைந்துவிடுகிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது மிகுதி; பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் போதிய அளவு உண்டு. இட்லியிலும் பொங்கலிலும் பருப்புச் சாதத்திலும் நம் முன்னோர்கள் சேர்த்துவைத்த சேர்க்கை இதுதான். சேமிப்பிலும் இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ண வேண்டும்.

இணையத்தில் இந்தப் பொருள் பற்றித் தேடுவோருக்கு, பீன்ஸ் 30 ஆண்டு இருக்கும், கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 20 ஆண்டு இருக்கும் என்ற கணக்குகள்தான் முதலில் கண்ணில் படும். இவை பொய்யல்ல. நெருக்கடிக்கு உணவு சேமிப்பதை ஒரு கடமையாகவே கருதும் மார்மன் திருச்சபையினர் மிகுந்து வாழும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 ஆண்டுகள் வரை தகர டின்களில் இருந்த பின்டோ பீன்ஸ் என்ற பயறைச் சமைத்துச் சுவைக்கக் கொடுத்தபோது, நெருக்கடியில் இதை உண்போம் என்று 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கூறினார்கள். ஆனால் யூட்டா வறண்ட மலைநிலம். அந்தக் கணக்குகள் 24 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத, ஈரமற்ற இடத்தில், ஆக்சிஜனை உறிஞ்சும் சிறு பொட்டலத்துடன் அடைத்து வைத்த பொருளுக்கு உரியவை. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு சமையலறை அலமாரி ஆண்டின் பெரும்பகுதி 30 டிகிரிக்கு மேல், கடற்காற்றின் ஈரத்தோடு இருக்கிறது. பொதுவாக, வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது உணவுத் துறையினர் கையாளும் தோராயக் கணக்கு. அங்குள்ள 30 ஆண்டை நாம் இங்கே நம்பி வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

பருப்பு எப்படி ஏமாற்றுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. பழைய துவரம்பருப்பை எத்தனை விசில் வைத்தாலும் வேகாமல் கல் போலவே இருப்பதைப் பார்த்திருப்போம். அதில் பூஞ்சை இல்லை, வண்டு இல்லை, நாற்றமும் இல்லை. ஆனாலும் அது உணவாக மறுக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பல மாதங்கள் இருக்கும் பயறுக்குள், பைட்டேட் என்ற பொருள் மெல்லச் சிதைந்து, அது பிடித்துவைத்திருந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் விடுவிக்கிறது. அவை செல்களுக்கு இடையிலுள்ள பெக்டின் என்ற பசையைப் பிணைத்து இறுக்கிவிடுகின்றன. பருப்பு குழைவது என்பது, வெந்நீரில் இந்தப் பெக்டின் கரைந்து செல்கள் ஒன்றையொன்று விட்டு விலகுவதுதான். பிணைப்பு இறுகிவிட்டால் அந்த விலகல் நிகழாது. கால்சியம் மிகுந்த போர்வெல் தண்ணீரில் வேகவைத்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டால் இளகும், ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமின் அழியும். எல்லாவற்றையும்விட, அத்தகைய பருப்பு இரண்டு மடங்கு எரிவாயுவையும் தண்ணீரையும் தின்றுவிடுகிறது. நெருக்கடி நாளில் நம்மிடம் மிகவும் குறைவாக இருக்கப்போவது இவை இரண்டும்தான்.

முழுப் பயறைவிட, தோல் நீக்கி உடைத்த பருப்பை வைப்பதே நமக்கு ஏற்றது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் பயறு வண்டு. வயலிலேயே காய்களில் முட்டையிடத் தொடங்கும் இந்த வண்டு, அறுவடையோடு சேர்ந்தே நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. பச்சைப்பயறையோ காராமணியையோ உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்தில் பார்த்தால், தோலின் மேல் பசை வைத்து ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும், அவைதான் முட்டைகள். புழு நேராகப் பயறுக்குள் துளைத்துப் போய் உள்ளிருந்தே தின்று, நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரங்களில் வட்டமான ஓட்டை போட்டு வண்டாக வெளியேறும். டப்பாவின் அடியில் மாவு போலப் படிந்திருப்பதைக் காணும்போது மூன்று தலைமுறை வண்டுகள் கடந்துபோயிருக்கும். முழுப் பயறின் தோலில் முட்டையிடப் பழகிய இந்த வண்டுக்கு உடைத்த பருப்பு அவ்வளவாக ஒத்துவருவதில்லை.

வண்டைத் தடுக்க நம்மிடம் உள்ள பழைய முறைகள் வெறும் நம்பிக்கைகள் அல்ல. துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்தால் மண்பூச்சு முட்டையிடும் பரப்பை மறைக்கிறது. பருப்பில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசிறி வைப்பதால், எண்ணெய்ப் படலம் முட்டை ஒட்டுவதைத் தடுத்து, இட்ட முட்டையையும் மூச்சுவிட முடியாமல் செய்கிறது. கோடை வெயிலில் காயவைப்பது ஈரத்தைக் குறைக்கிறது. பருப்பைப் பல்லில் கடித்தால் நசுங்காமல் "டக்"கென்று உடைய வேண்டும் என்று எங்கள் பாட்டி சொல்வார்; ஈரப்பதம் போதிய அளவு இறங்கிவிட்டது என்பதற்கு வீட்டில் நாம் செய்யக்கூடிய சோதனை அதுதான். இதோடு நான் சேர்க்க விரும்பும் புதிய முறை ஒன்று உண்டு. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் கேமரூன் நாட்டு விவசாயிகளின் காராமணியைக் காப்பாற்ற, காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகளை உருவாக்கினார்கள். பைக்குள் அகப்பட்ட வண்டுகள் அங்குள்ள ஆக்சிஜனைத் தாமே செலவழித்துவிட்டு, உண்ண முடியாமல், பெருக முடியாமல் மடிகின்றன. நாம் தூக்கி எறியும் இரண்டு லிட்டர் பெட் பிளாஸ்டிக் பாட்டிலை நன்றாகக் கழுவி, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் காயவைத்து, காய்ந்த பருப்பைத் தட்டித் தட்டிக் கழுத்து வரை நிரப்பி இறுக மூடினால், அதே தத்துவம் நம் சமையலறையிலும் வேலை செய்கிறது. வெள்ளம் வந்தால் சாக்கு ஊறிவிடும், மூடிய பாட்டில் மிதக்கும்.

ஆனால் "வண்டு மாத்திரை" என்று கடைகளில் கிடைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வீட்டுக்குள் வைப்பது கொலைக்குச் சமம். காற்றின் ஈரம் பட்டதும் அவற்றிலிருந்து எழும் பாஸ்பின் வாயு, பூட்டிய அறையில் உறங்குபவர்களைக் கொல்லும். அது கிடங்குகளுக்கு உரியது, பயிற்சி பெற்றவர்கள் கையாள வேண்டியது. ஐந்து கிலோ பருப்புக்காக அந்த ஆபத்தை வீட்டுக்குள் அழைத்துவரவே கூடாது.

எந்தப் பருப்பு என்ற கேள்விக்கு வேகும் நேரமே விடையைத் தீர்மானிக்க வேண்டும். சாம்பாருக்குத் துவரம்பருப்பே வேண்டும் என்ற பழக்கம் நமக்கு ஆழமாக ஊறியிருக்கிறது. அன்றாடத்துக்கு அது இருக்கட்டும். நெருக்கடிக்கு ஒதுக்கும் பங்கில் பாசிப்பருப்பையும் மைசூர்ப் பருப்பையும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். இலங்கைத் தமிழர் வீடுகளில் பருப்பு என்றாலே மைசூர்ப் பருப்புதான். ஊறவைக்காமல், குக்கர் இல்லாமல், திறந்த பாத்திரத்திலேயே கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். புரத அளவில் இவை துவரைக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. பாசிப்பருப்பைக் கொதிக்கவைத்து ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடித் தடித்த போர்வையில் சுற்றி வைத்தால் மீதி வேக்காட்டை உள்ளிருக்கும் சூடே முடித்துவிடும். கடைசிச் சிலிண்டரில் இருப்பவர்களுக்கு இது சிறிய உதவியல்ல. கொண்டைக்கடலையும் மொச்சையும் இரவு முழுக்க ஊற வேண்டியவை. அவை ஊரடங்கு போன்ற நாட்களுக்கு. ராஜ்மாவை இந்தச் சேமிப்பில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அரைகுறையாக வெந்த ராஜ்மாவிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். எரிபொருளை மிச்சம் பிடிக்கும் நாளில் அரைகுறை வேக்காடு நேர்வதற்கே வாய்ப்பு அதிகம். முளைகட்டிய பச்சைப்பயறு அடுப்பில்லாத உணவு என்று பலர் பரிந்துரைப்பார்கள். தண்ணீரே சந்தேகத்துக்குரியதாக இருக்கும் வெள்ள நாட்களில், வெதுவெதுப்பான ஈரத்தில் முளைப்பது பயறு மட்டுமல்ல, கிருமியும்தான்.

இனி, அடுப்பே தேவைப்படாதவை. இந்த வரிசையில் நான் முதலிடம் தருவது பொட்டுக்கடலைக்கு. அது ஏற்கெனவே வறுத்துத் தோல் நீக்கப்பட்டது, 100 கிராமுக்கு 20 கிராமுக்கும் மேல் புரதம் உடையது, விலை குறைந்தது, பல்லில்லாத முதியவருக்கும் பொடித்துக் கொடுக்கக்கூடியது. பொடித்தபின் சீக்கிரம் மணம் போய் மாவு வண்டு பிடிக்கும் என்பதால், முழுசாகவே வைத்திருந்து தேவைப்படும்போது பொடிக்க வேண்டும். 100 கிராம் அவலை நல்ல தண்ணீரில் நனைத்து 50 கிராம் பொட்டுக்கடலை சேர்த்தால், ஒரு வேளையில் ஏறத்தாழ 18 கிராம் புரதம் கிடைத்துவிடுகிறது. தானியமும் பருப்பும் சேர்ந்த முறையான சேர்க்கையாகவும் அது அமைகிறது. மாடி வீட்டு அக்கா அன்று கொடுத்ததை நான் இந்தக் கணக்கோடு பிறகு பார்த்தபோது, ஒரு ஊட்டச்சத்து நிபுணர் திட்டமிட்டிருந்தாலும் இதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது என்று தோன்றியது. பருப்புப் பொடியும் இதே வகை. துவரம்பருப்பையும் பொட்டுக்கடலையையும் சிவக்க வறுத்து, மிளகு, மிளகாய், பெருங்காயம், உப்பு சேர்த்துப் பூண்டும் தேங்காயும் போடாமல் அரைத்து வைத்தால், இரண்டு மாதம் தாராளமாக இருக்கும். சத்துமாவு குழந்தைகளுக்கு உகந்தது, ஆனால் எல்லா மாவுகளையும் போல ஆயுள் குறைந்தது. புரட்டாசியில் அரைத்து மார்கழிக்குள் தீர்த்துவிடும் பொருளாகவே அதைக் கருத வேண்டும்.

வேர்க்கடலை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். அந்த எண்ணெய்தான் வெள்ள நாளில் விலைமதிப்பற்ற கலோரியைத் தருகிறது. அதே எண்ணெய்தான் சில மாதங்களில் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கிறது. தோட்டுடன் இருக்கும் கடலை அதிக நாள் இருக்கும், உரித்த பச்சைப் பருப்பு அதைவிடக் குறைவாக, வறுத்தது அதையும்விடக் குறைவாக. சிக்கு வாடையாவது மூக்குக்குத் தெரியும். ஈரம் பட்ட கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு மூக்குக்கும் நாக்குக்கும் தெரியாது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுமையாக அழியாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில்தான் இந்த நஞ்சு முதலில் அடையாளம் காணப்பட்டது. கல்லீரலைத் தாக்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகக்கூடியது என்பதால், சுருங்கியது, நிறம் மாறியது, பச்சைப் பூசணம் படிந்தது எதையும் "வறுத்தால் சரியாகிவிடும்" என்று வைத்துக்கொள்ளக் கூடாது. கடலை மிட்டாயை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாங்கித் தின்று தீர்த்து மீண்டும் வாங்கும் பொருளாக வைத்திருப்பது எளிய வழி. குழந்தைகள் இருக்கும் வீட்டில் தீர்ப்பதற்கு யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்காது.

எண்ணெய் நீக்கிய சோயாவிலிருந்து செய்யப்படும் மீல் மேக்கருக்கு இந்தச் சிக்கல் குறைவு. எடையில் பாதிக்குப் பாதி புரதம், சில நிமிடக் கொதியில் தயார், வண்டும் எளிதில் அண்டாது. 25 கிராம் உலர் மீல் மேக்கர் 13 கிராம் புரதம் தருவதால், இடமில்லாத சிறிய வீடுகளுக்கு இது மிகச் செறிவான பொருள். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஒன்று மட்டும்: வீட்டில் யாரும் விரும்பாததை நெருக்கடிக்கென்று வாங்கி வைத்தால், அது நெருக்கடியிலும் தட்டிலேயே கிடக்கும், பயந்துபோயிருக்கும் குழந்தை புதிய சுவையை ஏற்பதில்லை. இப்போதே மாதம் இருமுறை குருமாவில் போட்டுப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

கருவாடு நம் கடற்கரையின் மிகப் பழைய புரதச் சேமிப்பு. நன்கு காய்ந்த நெத்திலியில் எடையில் பாதிக்கு மேல் புரதம் உண்டு. கொழுப்புக் குறைந்த நெத்திலியும் சுறாவும் நீடித்து நிற்கும். கொழுப்பு மிகுந்த மத்தியும் அயிலையும் விரைவில் மஞ்சள் படிந்து காறும். லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் மரக்கட்டை போலக் காயவைத்துச் செய்யும் மாசி இவை அனைத்தையும்விட நீண்ட ஆயுள் உடையது. கடலோடிகளின் நெடும்பயண உணவாக இருந்தது அது. சம்பலில் ஒரு தேக்கரண்டி சீவிப்போட்டாலே சோறு இறங்கும். ஆனால் குடிநீர் அளந்து குடிக்கும் நாட்களில் உப்புக் கருவாடு தாகத்தைக் கூட்டும். உப்பைக் கழுவவே இரண்டு செம்பு தண்ணீர் போகும். புரதத்தின் கழிவான யூரியாவை வெளியேற்றவும் சிறுநீரகத்துக்கு நீர் வேண்டும். இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்குக் கருவாட்டையும் மிகுந்த புரதத்தையும் நம்பித் திட்டமிடவே கூடாது. அவர்களுக்கு உரிய அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கருவாடு புயலுக்குப் பிந்தைய வாரங்களுக்கு உரியது. இலங்கையில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் டின் மீன் இந்த வகையில் மேலானது: ஏற்கெனவே வெந்தது, ஈரத்தோடு இருப்பது, ஆண்டுக்கணக்கில் இருக்கக்கூடியது. தமிழகத்தில் விலை கூடுதல் என்றாலும் நான்கைந்து டின்கள் வைத்திருக்கலாம். உப்பிய டின்னைத் திறக்காமலே எறிந்துவிட வேண்டும்.

பால்பவுடரில் கொழுப்பு நீக்கியதே நெடுநாள் நிற்கும். புரதமும் அதில்தான் அதிகம், 100 கிராமுக்கு 35 கிராம் அளவுக்கு. வெள்ளத்தில் பால் பாக்கெட் கிடைக்காத நாட்களில் வீட்டுக்கு வீடு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பெரிய பொட்டலமாக அல்லாமல், திறந்தால் ஓரிரு நாளில் தீரக்கூடிய சிறு பாக்கெட்டுகளாக வாங்க வேண்டும். மழைக்கால ஈரத்தில் திறந்த பொட்டலம் கட்டி தட்டிவிடும். ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இதைக் கரைத்துக் கொடுக்கக் கூடாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வெள்ளத்திலும் தாய்ப்பாலே பாதுகாப்பானது. அந்தத் தாய்க்குப் போதிய சோறும் தண்ணீரும் முதலில் சேர்வதைத்தான் வீட்டிலுள்ளவர்கள் உறுதி செய்ய வேண்டும். முட்டை சேமிப்புப் பொருளல்ல. புயல் எச்சரிக்கை வந்த அன்று ஒரு அட்டை வாங்கி, மின்சாரம் போவதற்குள் பாதியை வேகவைத்துவிட்டு அவற்றை முதல் நாளிலேயே தீர்க்கலாம்.

இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் உள்ள வீட்டுக்குப் பத்து நாள் கணக்குப் போட்டால், பத்துக் கிலோ அரிசியும் அவலுமாக, அதோடு பாசிப்பருப்பும் மைசூர்ப் பருப்பும் சேர்த்து ஒன்றரைக் கிலோ, பொட்டுக்கடலை ஒரு கிலோ, கடலையோ கடலை மிட்டாயோ ஒரு கிலோ, பால்பவுடர் அரைக் கிலோ, மீல் மேக்கர் கால் கிலோ என்பது போதுமானது. இது ஒரே நாளில் வாங்க வேண்டிய பட்டியல் அல்ல. நியாயவிலைக் கடையில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பை 30 ரூபாய்க்கு வாங்கும் குடும்பம், அதனால் மிச்சமாகும் பணத்தில் மாதம் அரைக் கிலோ பாசிப்பருப்போ பொட்டுக்கடலையோ கூடுதலாக வாங்கினால், தைக்குப் பிறகு தொடங்கி ஐப்பசிக்குள் இது தானாகச் சேர்ந்துவிடும். எச்சரிக்கை வந்த மாலையில் எல்லோரும் கடைக்கு ஓடி அள்ளும்போதுதான் அன்றாடங்காய்ச்சிக்குப் பருப்பு இல்லாமற்போகிறது. அமைதியான மாதங்களில் சிறுகச் சேர்ப்பவர் யாருடைய பங்கையும் பறிப்பதில்லை. பாட்டிலில் நிரப்பிய மாதத்தை எழுதி ஒட்டி, பழையதை முன்னால் எடுத்துச் சமைத்து, புதியதைப் பின்னால் வைத்துக்கொண்டே வந்தால், வீட்டில் எந்தப் பருப்பும் ஓராண்டைத் தாண்டாது. கல்லாகும் பருப்பைப் பற்றிய கவலையும் எழாது.

எங்கே வைப்பது என்பதில் நான் செய்த தவறு தரையில் வைத்தது. அதன்பின் பயத்தில் எல்லாவற்றையும் பரணில் ஏற்றினேன். கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே, சித்திரை வெயிலில் வீட்டிலேயே கடுமையாகச் சுடுகிற இடம் அது. இரண்டே மாதத்தில் கடலை காறிப்போனது. இப்போது வெயில் படாத உட்சுவரில், நெஞ்சு உயரத்துக்கு மேல், அடுப்பிலிருந்து தள்ளி ஒரு அலமாரியில் வைத்திருக்கிறேன். வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் கையில் எடுக்க, அவலும் பொட்டுக்கடலையும் வெல்லமும் இருக்கும் இரண்டு பாட்டில்கள் ஒரு துணிப்பையில் தனியே தொங்குகின்றன. அந்தப் பையில் ஒரு கரண்டியும் ஒரு கிண்ணமும் உண்டு.

வெள்ளம் வடிந்தபின் ஒரு சொல். சாக்கிலும் சாதாரண மூடி போட்ட டப்பாவிலும் இருந்து நனைந்த பருப்பை, மனம் எவ்வளவு வலித்தாலும், வெயிலில் காயவைத்து மீட்க முயலக் கூடாது. அந்தத் தண்ணீரில் கழிவும் டீசலும் கலந்திருந்தன என்பதை வெயில் மாற்றிவிடாது. மூடி விட்டுக்கொடுக்காத பாட்டில்களையும் உப்பாத, நசுங்காத டின்களையும் முதலில் சேறு போகச் சோப்பு நீரால் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் சில நிமிடம் மூழ்கவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெளிப்புறம் முழுக்கக் காய்ந்த பிறகே மூடியைத் திருக வேண்டும். மூடியின் திருகு வரிகளில் சேறு தங்கியிருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டுத் திறக்கலாம்.